எலியாகு நபி நாற்காலி ஏலம்போன கதை

கோரைத்துறை யூதப் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி எலியாகு நபியின் நாற்காலி ஐஸ் வண்டியில் ஏறிப் போன சாயங்காலத்திலிருந்து எங்கள் ஊரில் யாராலும் உட்கார முடியாமல் போயிற்று. நிற்கலாம், நடக்கலாம், ஓடலாம், படுத்துப் புரளலாம், உட்கார மட்டும் முடியாது. இடுப்பைக் கொஞ்சம் தணித்தால் போதும், பாதி வழியில் முழங்கால் இரண்டும் தாழ்ப்பாள் போட்ட மாதிரி இறுகிக்கொண்டு ஆளை நிமிர்த்தி நிறுத்திவிடும். கொல்லைப்புறத்துக் காரியத்துக்குக் குந்துகிற நேரத்துக்கு மட்டும் ஒரு இரக்கம் காட்டிற்று, காரியம் முடிந்த கையோடு அந்த இரக்கத்தையும் பறித்துக்கொண்டது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் ஒரு நாளாவது உட்கார்ந்து எழுந்தவர் யாராக இருந்தாலும் இதுதான் கதி. நானும் அங்கே இரண்டாம் வகுப்பு வரை பெஞ்சு தேய்த்தவள், அதனால் நானும் நின்றேன்.

யூதர் தெருவில் இப்போது இருப்பது ஏழெட்டு வீடு. எந்தக் காலத்திலோ கப்பலில் மிளகு ஏற்ற வந்து, பிறகு ஏற்ற மிளகும் இல்லாமல் திரும்பிப் போக மனசும் இல்லாமல் எங்களோடு தங்கிப்போன ஜனம். பேசுவது எங்கள் தமிழ், சண்டை போடுவதும் அதில்தான், தொழுவது மட்டும் அவர்கள் பாஷையில். தங்கள் பிள்ளைகளுக்கென்று அவர்கள் கட்டிய பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகள் குறையக் குறைய உப்பளத்துப் பிள்ளைகள், வலைக்காரர் பிள்ளைகள், பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் என்று நாங்கள் போய் நிறைந்தோம். சனிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளை வெளியூருக்குப் போன பிறகுதான் உலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று தெரிந்துகொள்ளும். பள்ளிக்கூட வாசல் நிலைக்காலிலும் ஒவ்வொரு வகுப்பு நிலைக்காலிலும் வேத வரியைச் சுருட்டி வைத்த சின்னக் குழல் ஒன்று சாய்வாக அடித்திருக்கும். எந்தச் சாமியைக் கும்பிடுகிற பிள்ளையும் அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திக்கொண்டுதான் உள்ளே போகும், பரீட்சை நாளில் இன்னும் அழுத்தித் தொடும்.

அவர்கள் தொழுகைக்கூடம் ஒரு புயலில் இடிந்து விழுந்த பிறகு பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலே தொழுகைக்கும் ஆயிற்று. அந்த ஹால் மேடையோரம் நின்றதுதான் நாற்காலி. கறுத்த மரம், ஆள் உயரத்துக்கு முதுகு, இரண்டு பக்கமும் அகலக் கைகள், நிறம் மங்கிய சிவப்பு வெல்வெட் மெத்தை. எலியாகு நபிக்கென்று போட்டது. சும்மா நாளில் அதில் யாரும் உட்காரக் கூடாது. யூத வீட்டில் ஆண் பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் சடங்கு, நம் பாய்மார் வீட்டில் சுன்னத் என்பார்களே அது, அந்த நாற்காலியில்தான் நடக்கும். நபி கண்ணுக்குத் தெரியாமல் வந்து முதலில் உட்காருவார், நபி மடியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்காருவார், பெரியவர் மடியில் பிள்ளை கிடக்கும். உட்கார்ந்த மடி இல்லாமல் சடங்கு இல்லை. மடிக்கு மேல் மடியாக எத்தனையோ பிள்ளைகளைத் தாங்கிய நாற்காலி அது.

அதைப் போய் ஏலம் விடுவார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். விடுவார்கள், வருசா வருசம் விட்டார்கள். பூரிம் என்று அவர்களுக்கு ஒரு கொண்டாட்டப் பண்டிகை, அதற்குப் பள்ளிக்கூடத்தில் சந்தை போடுவார்கள். பிள்ளைகள் ராஜா வேசமும் ராணி வேசமும் கட்டிக்கொண்டு திரியும், ஊரே திரண்டு வந்து தின்று தீர்க்கும், சாயங்காலம் பள்ளிக்கூடச் செலவுக்காக ஏலம் நடக்கும். ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய், ஒரு சேவல் எல்லாம் ஏலத்தில் கேட்டால் நம்ப முடியாத விலைக்குப் போகும், கடைசிப் பொருள் நாற்காலி. கேட்பவர்கள் ஏற்றி ஏற்றிக் கேட்பார்கள், எடுத்தவர் எழுந்து நின்று "பள்ளிக்கூடத்துக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லுவார், கூட்டம் கைதட்டும். பணம் பள்ளிக்கூடத்துக்கு, நாற்காலியும் பள்ளிக்கூடத்துக்கு, பெயர் மட்டும் எடுத்தவருக்கு. நாற்காலி அசைந்ததே கிடையாது. இன்னொரு மரியாதையும் உண்டு: முதல் தடவையாக ஏலம் கேட்க வாய் திறக்கிறவரை யாரும் முந்தமாட்டார்கள், விருந்தாளியை இலையிலிருந்து எழுப்பின மாதிரி ஆகிவிடுமாம்.

அந்த வருசம் புயல் பள்ளிக்கூடத்துக் கூரையைக் கொண்டுபோயிருந்தது. ஓடு போட்டே ஆக வேண்டும் என்று தலைமை டீச்சர் யெமிமா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். ஏலம் விடுகிறவர் எப்ராயீம். இறால் ஏலத்தில் பழகிய குரல், அவர் "ஒரு தரம்" என்றால் கடலில் இருக்கிற படகுக்குக் கேட்கும். அவர் நாற்காலியைக் காட்டி விலை கேட்ட உடனே கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு புதுக் குரல் கேட்டது. சர்பத் கடைக்கு ஐஸ் கட்டி கொண்டுவந்து இறக்கிவிட்டுத் தோளில் சாக்கோடு நின்ற பூமிநாதன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் ஐஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்து அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை.

புது ஆள், முதல் குரல். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். எப்ராயீம் மூன்று தரம் சொல்லி மணியை அடித்தார். கூட்டம் அந்த ஒரு வார்த்தைக்காகக் கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பூமிநாதன் மேடைக்கு வந்தார், மடியிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார், நாற்காலியைத் தோளில் தூக்கினார், ஈரம் சொட்டிக்கொண்டிருந்த வண்டியில் ஏற்றினார், மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

விரித்த கை விரித்தபடி இருந்தது.  வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் எப்ராயீம் மெதுவாக, அவர் வாழ்நாளிலேயே மெதுவாக, "டீச்சர், நீங்க அவர்கிட்ட வழக்கத்தைச் சொல்லலையா?" என்றார்.

"நீங்க சொல்லிருப்பீங்கன்னு இருந்தேன்."

"நான் சர்பத் கடைக்காரங்க சொல்லிருப்பாங்கன்னு இருந்தேன்."

சர்பத் கடைக்காரி பாத்துமுத்து, "ஐஸ் வாங்குறவ ஐஸைப் பத்திப் பேசுவா, நபியைப் பத்தி நானா பேசணும்?" என்றாள்.

இதைக் கேட்டு நெஞ்சு பொறுக்காமல், தொழுகை நடத்துகிற பெரியவர் ஹஸ்கேல், எண்பது தாண்டியவர், பின்னாலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாயப் போனார். போனவர் திரும்பி நிமிர்ந்தார். மறுபடி போனார், மறுபடி நிமிர்ந்தார். "என்னடா இது, உக்கார விடமாட்டேங்குது" என்றார். அவரைப் பிடித்து உட்கார வைக்கப் போனவர்களுக்கும் அப்போதுதான் தங்கள் முழங்கால் தெரியவந்தது.

முதல் வாரம் ஊர் பேயடித்த மாதிரி நின்றது. இரண்டாம் வாரம் நின்றுகொண்டே பேச ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நிற்பதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. தையல்காரர் மிசினுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார், டீக்கடைக்காரர் பெஞ்சுகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாய்ந்துகொள்ள ஒரு கயிறு கட்டினார், படகுக்காரர்கள் குப்புறப் படுத்துக்கொண்டு வலை இழுத்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் நின்றுகொண்டே பார்த்துவிட்டு நின்றுகொண்டே தட்டு மாற்றினார்கள், மணமேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஐயரோடு சேர்ந்து நின்றார்கள். பள்ளிவாசலில் பெரியவர்கள் கூடிப் பேசி, உட்கார முடியாதவர்கள் முடிந்தபடி தொழுதால் போதும் என்றார்கள். ஊர்க்கூட்டம் மட்டும் சீக்கிரம் முடிய ஆரம்பித்தது, கால் கடுக்கக் கடுக்க நியாயம் பேச யாருக்கும் ஆசை இல்லை. ஒரு தலைமுறையாக இழுத்துக்கொண்டிருந்த உப்பளத்து வாய்க்கால் வழக்கு ஒரே சாயங்காலத்தில் தீர்ந்தது.

வெளிநாட்டுக்குப் போனவர்களிடமிருந்து போன் வந்தது. பாத்துமுத்து மகன் மைதீன் துபாயில் கிரேன் ஓட்டுகிறவன், வானத்தில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு பேசினான்: "உம்மா, சீட்டு என்னைத் தள்ளுது. நான் மரியாதைக்கு நிக்கேன்னு சூப்பர்வைசர் நினைச்சுக்கிட்டு இருக்கான், எத்தனை நாளைக்கு நினைப்பான்?" ஹைஃபாவில் பஸ் ஓட்டப் போன யூதர் தெருப் பையன் வேலையை விட்டுவிட்டுக் காய்கறிக் கடையில் நிற்கிறான் என்று தகவல் வந்தது. எங்கே போனாலும் எங்கள் ஊர் முழங்கால் எங்கள் ஊரோடுதான் இருந்தது.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரிக்குக் கதை தெரியாது. வகுப்புக்கு வகுப்பு பிள்ளைகள் நின்றுகொண்டு எழுதுவதையும் டீச்சர்கள் நின்றுகொண்டு திருத்துவதையும் பார்த்து, தனக்குப் போட்ட நாற்காலியில் அவர் மட்டும் உட்கார்ந்து, "இருபது வருச சர்வீஸ்ல இப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை" என்று கண் கலங்கினார். யெமிமா டீச்சர் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏக்கத்தோடு.

சிரிக்க முடிந்தவர்கள் சிரித்தார்கள். ரிவ்கா டீச்சரால் முடியவில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர், நிறைமாதம். யூதர் தெருவில் பல வருசத்துக்குப் பிறகு உண்டான முதல் கரு. கால் இரண்டும் வீங்கித் தூண் மாதிரி ஆகி, கரும்பலகையில் முதுகைச் சாய்த்து, சட்டையெல்லாம் சாக்பீஸ் எழுத்தாக வீட்டுக்கு நடந்து போவாள். அவள் புருசன் நிஸிம் அதுவரை கடல் தாண்டிப் போய்விடுவோம் என்று அரித்துக்கொண்டிருந்தவன், இப்போது, "எங்க போனாலும் நிக்கத்தானே போறோம், இங்கயே நிப்போம்" என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டான். ஆனால் ஊருக்கே ஒரு கேள்வி இருந்தது. ஆண் பிள்ளையாகப் பிறந்தால் எட்டாம் நாள் நாற்காலிக்கு எங்கே போவது, மடிக்கு எங்கே போவது?

நாற்காலியைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று யாரும் நினைக்காமல் இல்லை. மணி அடித்து முடிந்த ஏலத்தைத் திருப்பிக் கேட்பது களவு என்று அவர்கள் வேதத்தைக் காட்டி ஹஸ்கேல் பெரியவர் சொன்னார். ஆனாலும் விசயத்தை எடுத்துச் சொன்னால் அவரே தருவார் என்று யெமிமா டீச்சர் புறப்பட்டார். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகை வீடு. வெளியில் நின்று குரல் கொடுத்தார்.

"உள்ள வாங்க டீச்சர்" என்றது ஒரு பிள்ளைக் குரல்.

உள்ளே ஜன்னலோரம் நாற்காலி. நாற்காலியில் ஒன்பது வயதுப் பெண் பிள்ளை, குச்சி மாதிரிக் கைகளை அகலக் கைகள் மேல் வைத்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பூமிநாதன் மகள் கோமதி.

ஊரில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தரைப் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்ததால் டீச்சருக்கு முதலில் அதுவே அதிர்ச்சியாக இருந்தது. பிறகு அந்தப் பிள்ளையின் தாய் சண்முகத்தாய் சொன்னதைக் கேட்டபோது, நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் முதுகு விழுந்துபோன பிள்ளை. எதில் உட்கார வைத்தாலும் ஈரத்துணி மாதிரிச் சரிந்துவிடும். ஏழு வருசமாகப் பாயில் படுத்தே கிடந்தது, பள்ளிக்கூடம் என்பதைக் காதால்தான் கேட்டிருக்கிறது. அன்றைக்கு ஏலத்தில் அந்த நாற்காலியின் முதுகையும் கையையும் பார்த்ததும், இதில் சாத்தி வைத்தால் பிள்ளை சரியாமல் இருக்குமோ என்று பூமிநாதனுக்கு ஒரு எண்ணம் ஓடியிருக்கிறது. அன்று காலையில்தான் சண்முகத்தாயின் கம்மலை விற்ற பணம் கையில் இருந்தது. வண்டியிலிருந்து இறக்கி, பிள்ளையைத் தூக்கி வைத்தார்கள். உட்கார்ந்தது. அன்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறது.

"டீச்சர்," என்றாள் கோமதி, "இத்தனை நாளும் மனுசங்க எல்லாம் எனக்கு மூக்கு ஓட்டையாத்தான் தெரிவாங்க. இப்பதான் மூஞ்சி தெரியுது. எங்கப்பாவுக்கு இவ்வளவு சப்பை மூக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"வாயப் பாரு" என்றாள் சண்முகத்தாய்.

"நீங்க ஏன் டீச்சர் நிக்கீங்க? பெஞ்சு கிடக்கே, உக்காருங்க."

டீச்சர் பெஞ்சைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்த நேரம் பூமிநாதன் வேலை முடித்து உள்ளே வந்தார், டீச்சர் முகத்தைப் பார்த்தார், எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர் டீச்சர். வழக்கத்தைச் சொன்னார், அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னார், முழங்காலைச் சொன்னார். கேட்கக் கேட்கப் பூமிநாதனுக்கு முகம் வெளுத்தது. ஊரே நிற்பதைப் பார்த்திருக்கிறார். இந்த ஊர் ஜனத்துக்கு இதுதான் பழக்கம்போல என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

"எனக்கு யாரும் சொல்லலையே டீச்சர்" என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கக் குனிந்தார். கோமதி அழவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தானே எடுத்தாள்.

அந்த விரல்களைப் பார்த்ததும் யெமிமா டீச்சர், "வைங்க, வைங்க, பிள்ளையை வைங்க. ஏலம் முடிஞ்சது. பொருள் உங்களோடது. நான் சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டு, உப்பளத்து வழியாக, யார் கண்ணிலும் படாமல் திரும்பினார்.

டீச்சர் வெறும் கையோடு வந்ததைப் பார்த்துப் பாத்துமுத்துவுக்குக் கோபம். "உங்க வாய்க்கு வெக்கம், எம் மவனுக்கு வேலை போவுது. நான் போயி நாலு கேள்வி கேட்டுத் தூக்கிட்டு வாரேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். போனவளை வெகுநேரம் காணோம். திரும்பி வந்தபோது கையில் சீப்பு இருந்தது.

"நாற்காலி எங்க?" என்று கேட்டார்கள்.

"படுத்தே கெடந்த புள்ள, பின்னந்தலை முழுக்கச் சிக்கு" என்றாள். "எண்ணெய் வச்சு ரெட்டைச் சடை போட்டுட்டு வந்தேன்." 

மூன்றாவதாக நிஸிம் போனான், நிறைமாதப் பெண்டாட்டிக்காக அடித்துப் பிடுங்கியாவது கொண்டுவருவேன் என்று. கோமதி அவனிடம் ஜன்னல் வழியாகத் தெரிகிற ஒவ்வொன்றையும் காட்டி, அது என்ன, இது என்ன என்று கேட்டிருக்கிறாள். கலங்கரை விளக்கு, பாய்மரம், கடற்காக்கை என்று பதில் சொல்லிச் சொல்லிப் பொழுது சாய்ந்துவிட்டது. வெறும் கையோடு வந்து ரிவ்காவின் வீங்கிய கால்மாட்டில் நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க" என்றாள். அதற்குப் பிறகு நாற்காலியைக் கேட்க ஊரிலிருந்து யாரும் போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வர மட்டும் போனார்கள்.

ரிவ்காவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. ஊரே சந்தோசப்பட்டு, அதே மூச்சில் கவலைப்பட்டது. சடங்கு செய்கிறவர் கொச்சியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். அவர் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், நன்றாக உட்கார்ந்தார். "ஆனா கத்தி பிடிக்கிறவன் மடி கொடுக்க முடியாது, எனக்கு ரெண்டு கையும் வேணும், வேற மடி காட்டுங்க" என்றார். நாற்காலி இல்லை, மடியும் இல்லை. தள்ளிப்போட முடியாத நாள், எட்டு என்றால் எட்டுதான்.

 அப்போது ஹஸ்கேல் பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாற்காலியைக் கேக்கக் கூடாது," என்றார். "ஆனா நாற்காலிக்காரியைக் கூப்பிடலாமே. வீட்டு விசேசத்துக்கு ஊர்க்காரங்களைக் கூப்பிடுறது வழக்கந்தானே."

"கூப்பிட்டு?" என்றார் யெமிமா டீச்சர்.

"உக்காந்திருக்கிற மடி இந்த ஊருல அது ஒண்ணுதான்."

ஹாலில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நிற்பதைத் தவிர வேறு எதுவும் அறியாத ஜனம், ஆனாலும் அந்த நிற்பு வேறு மாதிரி இருந்தது. மடி கொடுப்பது ஆண்கள் காரியம், அதிலும் வயசாளி காரியம், அதிலும் யூதர் காரியம். இவளோ ஐஸ் கம்பெனி வேலைக்காரர் மகள், பொட்டு வைத்த பிள்ளை. எப்ராயீம் தொண்டையைச் செருமி, "பெரியவரே, பொம்பளைப் பிள்ளை, அதுவும் நம்ம ஆளுக கிடையாது. உக்கார முடியுற ஆம்பளைதான் வேணும்னா அவ அப்பா இருக்காரே" என்றார்.

"அவர் வரட்டும், மடி கொடுக்கட்டும், எந்த நாற்காலியில உக்காந்து கொடுப்பாரு?" என்றார் ஹஸ்கேல். "அந்த நாற்காலியிலிருந்து எறங்கு கோமதின்னு எவனாவது அவகிட்ட சொல்லிட்டு வாங்க, நான் ஒத்துக்கிடுதேன்."

 "நபி உக்காந்த நாற்காலியில நாம யாரையும் உக்கார வைக்கலை," என்று பெரியவர் தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார், "நம்ம எல்லாரையும் எழுப்பிவிட்டுட்டு அவரே ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து உக்கார வச்சிருக்காரு. அவரு மடியில யாரை வைக்கணும்னு அவருக்குத் தெரியாதா?"

எட்டாம் நாள் காலையில் நாற்காலி வந்தது. பூமிநாதனும் நிஸிமும் எப்ராயீமும் கம்பெனி ஆள் ஒருவரும் நாலு காலையும் தோளில் வைத்துக்கொண்டு வர, மேலே ரெட்டைச் சடையோடு கோமதி நாற்காலிக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, வழியில் நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட வாசலில் "நிறுத்துங்க" என்றாள். நிலைக்காலில் அடித்திருந்த குழலை எட்டித் தொட்டு விரலை முத்திக்கொண்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க முடியாது, பள்ளிக்கூடம் அங்கிருந்து தெரியாது.

மேடையில் இறக்கினார்கள். கறுத்த கோட்டுப் போட்ட கொச்சிக்காரர் அவள் மடியில் தலையணையை வைத்தார். ரிவ்கா, வீக்கம் இன்னும் வடியாத கால்களோடு தள்ளி நின்றாள். பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து கோமதி மடியில் வைத்தார்கள்.

"கனமா இருக்கு" என்றாள் மெதுவாக. அவள் மடியில் அதுவரை எதையும் வைத்ததில்லை, அவளுக்கு மடியே அப்போதுதான் வந்தது.

"விட்டுராத" என்றார் பெரியவர்.

"நான் ஏன் விடுதேன்?"

ஜெபம் நடந்தது. காரியம் நடந்தது. பிள்ளை வீறிட்டது, திராட்சை ரசத்தில் நனைத்த துணியை வாயில் வைத்ததும் அடங்கியது. கோமதி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள், முதுகு நிமிர்ந்தது நிமிர்ந்தபடி இருந்தது. பிள்ளைக்கு எலியாகு என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில் பூமிநாதன் மேடைக்குக் கீழே வந்து நின்றார். கை குளிரில் வெளுத்திருந்தது, ஐஸ் தூக்குகிற கை எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஒரு தடவை மகளைப் பார்த்தார், ஒரு தடவை ரிவ்காவின் கால்களைப் பார்த்தார், சுற்றி நிற்கிற எங்கள் எல்லாரையும் பார்த்தார். அன்றைக்கு ஏலத்தில் சொல்லாமல் விட்ட வார்த்தையைச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்கே."

சண்முகத்தாய் வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள், மடியில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தபடி. கைதட்ட வேண்டிய இடம் அது, ஒரு கை அசையவில்லை. ஊர் இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்ததோ அந்த வார்த்தை காதில் விழுந்து, அது யாருக்கும் வேண்டாத வார்த்தையாக இருந்தது.

யெமிமா டீச்சர் மேடையில் ஏறினார். அவர் குரல் எப்போதும் வகுப்பறைக் குரல், கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும்.

"ஏலம் முடிஞ்சு எத்தனையோ நாள் ஆச்சு பூமிநாதன். நாற்காலி உங்களோடது, அதை நான் வாங்கிக்க முடியாது." பிறகு கோமதி தலையில் கை வைத்தார். "பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே. நாலாம் வகுப்பு. காலையில் மணி அடிக்கிறதுக்குள்ள வந்துரணும், நாற்காலியோட."

 பின்னாலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தோம். ஹஸ்கேல் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தான் உட்கார்ந்தது அவருக்கே தெரியவில்லை, களைப்பில் சாய்ந்தவர் சாய்ந்த இடத்தில் இருந்துவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் பயந்து பயந்து தணிந்தார், முழங்கால் மடங்கியது, அவரைப் பார்த்து அடுத்தவர். ரிவ்காவுக்கு நிஸிம் நாற்காலி போட்டான். அவள் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே இருந்தாள். பாத்துமுத்து தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு துபாய்க்குப் போன் போட்டு, "லே, உக்காந்து பாரு" என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, "அழாத, கிரேனைப் பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நாற்காலியைத் தோளில் ஏற்றி வாசலைத் தாண்டிய உடனே, உட்கார்ந்திருந்த ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. அதிர்ந்துதான் போனோம். ராத்திரி முழுக்கப் படுத்திருந்தோம். காலையில் அவள் வாசல் குழலைத் தொட்டு முத்தி உள்ளே போனதும் உட்கார்ந்தோம். அப்போதுதான் கணக்குப் புரிந்தது.

அதிலிருந்து இப்படித்தான். அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்வரை நாங்கள் உட்காருவோம், அவள் வீட்டுக்குக் கிளம்பினால் நாங்கள் நிற்போம். சனிக்கிழமை விடுமுறையாதலால் நாள் முழுக்கப் படுத்துக் கிடப்போம். ஓய்வு நாளை இந்த அளவுக்கு எந்த ஊரும் கடைப்பிடித்ததில்லை என்று ஹஸ்கேல் பெரியவர் கண்ணை மூடும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மைதீன் பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான். பூரிம் சந்தையில் இன்றைக்கும் எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சேவல் எல்லாம் ஏலம் போகும். கடைசியில் ஏலம் விடுவது கோமதியின் நாற்காலியை வருசம் முழுக்கத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற உரிமையை. புதிதாக வாய் திறக்கிறவர் யாராக இருந்தாலும் நாலு பேர் ஓடிப்போய் முதலில் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள், ஒருத்தர் சொன்னதற்கு மேல் இன்னொருத்தரும் சொல்லிவிடுகிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் சாயங்காலப் பஸ்ஸில் வந்து இறங்கும்போது, டீக்கடையில், தையல்கடையில், படகில், வாசல்படியில் இருக்கிற அத்தனை பேரும் சட்டென்று எழுந்து நிற்பதைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று தாங்களும் ஒதுங்கி நிற்பார்கள். தெருவோடு நாற்காலி வரும். அதில் இருக்கிற பெண் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவாள், எவரையும் விடமாட்டாள். தெருமுனை திரும்புவதற்கு முன் பின்னால் தலையைச் சாய்த்துச் சொல்லிவிட்டுப் போவாள்:

"நில்லுங்க, நில்லுங்க. காலைல வந்து உக்கார வைக்கேன்."